மணிக்கூண்டில் யாரோ நிற்கிறார்கள்

"தலைவர் கமா தமது பத்தொன்பதாவது வயதில் கமா எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினார் முற்றுப்புள்ளி" என்று பல்லி உரக்கப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்து, "வீட்டை விட்டு ஓடிப்போனதுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி பென்சிலை அச்சுத்தாளிலிருந்து எடுக்கவில்லை. "உங்க அபிப்பிராயத்தை யாரும் கேக்கல. அடுத்த வரி."

"அடுத்த வரியில கப்பல் ஏறிட்டாரு."

"ஏறிட்டாருன்னா போட்டிருக்கு? உள்ளதை உள்ளபடி படிங்க."

அவள் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள். அந்த வேலையை இருவர் சேர்ந்துதான் செய்ய முடியும். ஒருவர் மூலப்பிரதியை ஒரு புள்ளி விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் அச்சுத்தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே காதால் சரிபார்க்க வேண்டும். வழக்கமாக அவளோடு உட்கார்ந்து படிக்கிற பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். தலைவரின் நூற்றாண்டு விழாவுக்குள் இந்தத் தலையணை தடிமன் புத்தகம் வந்தே தீர வேண்டும் என்று அச்சகத்தில் ஒற்றைக் காலில் நின்றார்கள். வீட்டிலோ ஓர் ஆள் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே மாறி மாறி உட்கார்ந்து பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான். பிடித்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டாள். தாளைக் கையில் பிடித்துப் படித்தால் அது சலசலவென்று ஆடியது. அவளே அதை வாங்கி மேசைமேல் வைத்து, ஓரத்தில் தண்ணீர்ச் செம்பைப் பாரமாக வைத்தாள். அதைப் பற்றி இரண்டு பேருமே ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பல்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊரில் உயரமாக நிற்கிற பழைய கட்டடம் எதுவானாலும் அதன் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பாசி சுரண்டி, புறா எச்சம் கழுவி, விரிசலில் வேர்விட்ட செடிகளைப் பிடுங்குவது அவன் தொழில். அவன் ஒட்டிக்கொள்கிற அழகைப் பார்த்து வேலைக்காரர்கள் வைத்த பெயர் அது. வைத்த நாளிலிருந்து சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவியின் தம்பிதான் அவனுக்கு ஜோடி. ஒருவன் தொங்கினால் மற்றவன் மேலே நிற்பான். தொங்குகிறவனின் எடை முழுவதும் பெரிய கயிற்றில். அது கல்தூணில் கட்டிக் கிடக்கும். அது அறுந்தாலும் நழுவினாலும் ஆளைத் தாங்கிக்கொள்ள இன்னொரு கயிறு உண்டு. காப்புக் கயிறு என்பார்கள். மேலே நிற்கிறவன் அதை ஓர் இரும்புப் பூட்டின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்பு வந்த உடனே பூட்டு இறுகிக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இப்படியே மாமனும் மாப்பிள்ளையுமாக ஊரின் எல்லா உச்சிகளையும் பார்த்துவிட்டார்கள்.

போன மாதம் பழைய சபை மண்டபத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது மேல் விளிம்புக் கல் ஒன்று உடைந்து, பெரிய கயிறு சரிந்து, பல்லி ஓர் ஆள் உயரத்துக்கு விழுந்து தலைகீழாக நின்றான். காப்புக் கயிறு பிடித்துக்கொண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. மேலே ஏறி வந்து, சோற்றை ஒரு பிடி பிடித்து, "பல்லின்னு பேர் வெச்சீங்க, வௌவால்னு மாத்திக்கோங்கடா" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டப் போனபோது வலது கை நடுங்க ஆரம்பித்தது. உதறிப் பார்த்தான், அக்குளில் இடுக்கிப் பார்த்தான், வெந்நீரில் வைத்துப் பார்த்தான். நிற்கவில்லை. வைத்தியர் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்புல கோளாறு ஒண்ணும் இல்லைங்க. பயந்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நூற்றாண்டு விழாவுக்குள் மணிக்கூண்டைக் கழுவி முடிக்க வேண்டும். சூப்பர்வைசர் நல்ல மனிதர், அவரும் சொல்லிப் பார்த்தார். "தொங்க வேணாம் பல்லி. நீ மேல மட்டும் நில்லு. மச்சினன் தொங்கட்டும், நீ கயித்தைப் பாரு."

பல்லிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நாள் பூரா அவனைத் தொங்க விட்டுட்டு நான் மேல நின்னு வேடிக்கை பாக்கவா? அதுக்குப் பேசாம வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்கலாம்."

வீட்டில் உட்கார்ந்து வெங்காயமும் உரித்தான். மச்சினனுக்குப் புது ஆள் ஒருவனை ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

இதில் யார் பாடு திண்டாட்டம் என்றால், பிழை திருத்துபவள் பாடுதான். இத்தனை வருடமாகப் புருஷனும் கூடப்பிறந்தவனும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் இருந்தார்கள். வயிற்றில் நெருப்புதான், ஆனால் ஒருத்தனை ஒருத்தன் விடமாட்டான் என்கிற தைரியமும் அதற்குள்ளேயே இருந்தது. இப்போது புருஷன் கண்ணெதிரே பத்திரமாக உட்கார்ந்து கமா சொல்கிறான். அதை நினைத்துச் சந்தோஷப்பட்டால் அடுத்த நொடியே தம்பி ஞாபகம் வந்து அந்தச் சந்தோஷம் குற்றமாகிவிடுகிறது. 'நீங்க போங்க' என்று சொல்லவும் வாய் வரவில்லை, 'போகாதீங்க' என்று சொல்லவும் வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தம்பி ஒரு நாள் எட்டிப் பார்த்தான். புது ஆள் எப்படி என்று கேட்டாள்.

"நல்லவன்தான்க்கா. என்ன, மேல நின்னா அவனுக்குச் சலிப்பா இருக்காம். போன்ல யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருப்பான். நான் கயிறு விடுன்னு கத்தினா, ஒரு நிமிஷம் இருண்ணே, லைன்ல ஆள் இருக்குங்கிறான்." சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். பல்லியும் சிரித்தான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புத்தகம் மட்டும் நாளொரு அத்தியாயமாக நகர்ந்தது. உண்மையைச் சொன்னால், தலைவரைப் பற்றிப் பல்லிக்குத் தெரிந்ததெல்லாம் குன்றின்மேல் நிற்கிற சிலைதான். பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லிக் கொடுத்தார்கள், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாகிவிட்டது. கயிற்றில் தொங்குகிறவனுக்குக் கட்டடமும் சிலையும் முழுசாகக் கண்ணுக்குப் படாது. மூக்குக்கு எதிரே ஒரு முழம் கல், அந்தக் கல்லில் என்ன அழுக்கு, அவ்வளவுதான் அவன் உலகம். "இன்னைக்கு எனக்கு மூக்கு, உனக்குக் கழுத்து" என்று தலைவரையே கறிக்கடையில் பங்கு போடுவதுபோல் பங்கு போட்டுக்கொண்டு இறங்குவார்கள். சிலையின் இடது காது பல்லிக்கு மிகவும் பிடித்த இடம். ஓர் ஆள் கால் நீட்டி உட்காரலாம், வெயில் படாது. அங்கே உட்கார்ந்துதான் தண்ணீர் குடிப்பான். சமயத்தில் காதுக்குள் தலையை நீட்டி, "ஐயா, சம்பளம் பத்தலைங்க, கொஞ்சம் சொல்லி வைங்க" என்று மனுக் கொடுப்பான். மேலே நிற்கிற மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

"கோட்டைச் சிறையில் முதல் வாரத்திலேயே அதிகாரி ஒருவன் அறைந்ததில் கமா தலைவரின் இடது செவிப்பறை கிழிந்தது முற்றுப்புள்ளி அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்தக் காது அவருக்குக் கேட்கவில்லை முற்றுப்புள்ளி" என்று ஒரு பிற்பகலில் படித்தான். படித்துவிட்டு நின்றான்.

"என்ன?"

"இடது காதா?"

"என்கிட்டயும் இடதுன்னுதான் இருக்கு. ஏன்?"

அவன் அடுத்த வரிக்குப் போனான். அன்று சாயங்காலம் கால் தானாகக் குன்றுப் பக்கம் நடந்தது. சிலையைக் கீழேயிருந்து பார்த்தான். இத்தனை வருடம் வேலை செய்தும் கீழேயிருந்து அதை அவன் நின்று பார்த்ததே இல்லை, யோசித்தால் வெட்கக்கேடாக இருந்தது. அடேயப்பா, எவ்வளவு உயரம்! ஆனால் புத்தகத்தில் இருக்கிற மனிதர் குள்ளம். கூட்டத்தில் பேசும்போது ஒரு மரப்பெட்டியைப் போட்டு மேலே ஏறி நிற்பாராம், ஏறும்போது யாராவது கை கொடுக்க வேண்டுமாம். அந்தக் குள்ளமான மனிதரைத் தூக்கி இத்தனை உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். காதுக்குள்ளிருந்து புறா ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. தான் கால் நீட்டி உட்கார்ந்த இடம் ஒரு மனிதனுக்கு வலித்த இடம் என்று நினைத்தபோது பல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் சுண்டல் விற்றவர் அவன் நிற்கிற கோலத்தைப் பார்த்து, "ஊருக்குப் புதுசுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதன்பிறகு ஊர் ஊராக இல்லை. சபை மண்டபத்தின் படிகளைத் தாண்டும்போது, இந்தப் படியில்தானே தடியடி நடந்தது என்று ஒதுங்கி நடந்தான். துறைமுக வாசல் வளைவைப் பார்த்தால், பத்தொன்பது வயதில் ஓடிப்போனவர் நரைத்த தலையோடு திரும்பி வந்தது இதன் வழியாகத்தானே என்று அண்ணாந்து நின்றான். வளைவின் உச்சிக் கல்லில் எந்த மூலையில் எந்தப் பாசி என்று அவன் உள்ளங்கைக்கு அத்துப்படி. ஆனால் அதன் கீழே ஒரு மனிதர் நடந்து வந்தார் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! மனைவியிடம் வந்து மூச்சு விடாமல் சொல்லுவான். அவள், "இதெல்லாம் நேத்து நீங்கதானே எனக்குப் படிச்சீங்க?" என்பாள். "படிச்சேன். ஆனா அங்க போய் நின்னு பாத்தா வேற மாதிரி இருக்கு" என்பான்.

மணிக்கூண்டு அத்தியாயம் வந்த அன்று வெயில் மங்கலாக இருந்தது. அவள் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டிருந்தாள். சிறையில் தலைவரைப் பார்க்க எவருக்கும் அனுமதி இல்லாத வருடங்கள் அவை. கடிதமும் கிடையாது. கோட்டையின் மேல்மாடி அறையில் ஒரு ஜன்னல், அதற்கு நேரே தண்ணீருக்கு அக்கரையில் மணிக்கூண்டு. தலைவரின் மனைவி மணிக்கூண்டுக் காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினமும் சாயங்காலம் உச்சி மாடத்துக்கு ஏறி வந்து ஒரு வெள்ளைத் துணியை அசைப்பாராம். எதிரே ஜன்னலில் ஒரு கை தெரியும். அவ்வளவுதான் அவர்களுடைய குடும்பம். காவலருக்கு வேலை போகும், தலையே கூடப் போகும். தெரிந்துதான் விட்டார். மூன்றாம் வருடம் அந்த அம்மா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சிறைக்குள் எவரும் தலைவரிடம் சொல்லவில்லை. அடுத்த சாயங்காலம் ஜன்னலில் அந்தக் கை வந்து காத்து நின்றதைப் பார்த்த காவலருக்கு மனசு கேட்கவில்லை. துணியை எடுத்து அவரே அசைத்தார். மறுநாளும் அசைத்தார். தலைவர் விடுதலையாகிற வரைக்கும் அசைத்தார்.

பல்லி கமாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்திருந்தான். அவள் திருத்தவில்லை.

"விடுதலையான அன்று ஊரே அவரைத் தோளில் தூக்கிச் சபை மண்டபத்துக்குக் கொண்டு போனபோது தலைவர் மணிக்கூண்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னார். தனியாக மேலே ஏறினார். காவலர் அவர் காலில் விழுந்து, 'ஐயா, உங்களை ஏமாற்றிவிட்டேன்' என்று அழுதார். தலைவர் அவரைத் தூக்கி நிறுத்தி, 'முதல் நாளே தெரியும். அவள் பக்கவாட்டில் வீசுவாள். நீங்கள் மேலும் கீழும் ஆட்டினீர்கள்' என்றார். 'தெரிந்துமா தினமும் ஜன்னலுக்கு வந்தீர்கள்?' என்று காவலர் கேட்டார். தலைவர் சொன்னார்..."

பல்லி செம்பிலிருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தான். பாரம் போனதும் தாள் பறக்கப் பார்த்தது, அவள் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தலைவர் சொன்னார், 'யாரோ எனக்காக அங்கே நிற்கிறார்கள். நான் வராவிட்டால் அவர் என்ன ஆவார்?'"

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். இருபது வருடமாக எத்தனையோ புத்தகத்துக்குப் பிழை பார்த்தவள். ஒரு வரிக்கும் அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

"முற்றுப்புள்ளி இருக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இருக்கு."

மறுநாள் காலையில், கோட்டைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். கோட்டையின் வெளிச்சுவர் அவனுக்குச் சொந்த வீட்டுச் சுவர்போல. அந்த மேல்மாடி ஜன்னலின் விளிம்பைச் சுரண்டியிருக்கிறான், இரும்புக் கம்பிக்குத் துரு நீக்கியிருக்கிறான். உள்ளே மட்டும் ஒருநாளும் போனதில்லை. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு, தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டத்துக்குப் பின்னால் படியேறினான். கூட்டம் அறையை ஒரு சுற்றுப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது. பல்லி மட்டும் நின்றான். நான்கு சுவர், ஒரு கல்மேடை, ஒரு ஜன்னல். சுவரைத் தொட்டுப் பார்த்தான். வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்து சுடுகிற அதே கல் இந்தப் பக்கம் சில்லென்று இருந்தது. ஒரே கல்லின் இரண்டு பக்கம். இவ்வளவு காலம் தான் தொங்கிக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடிய சுவருக்கு இந்தப் பக்கத்தில் ஒருவர் வருடக்கணக்காக ஒரு வெள்ளைத் துணிக்காகக் காத்திருந்தார். அவனை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

பிறகு ஜன்னலுக்கு வந்தான். தலைவர் குள்ளம், எக்கி நின்றிருப்பார். பல்லி குனிய வேண்டியிருந்தது. தண்ணீருக்கு அக்கரையில், நேர் எதிரே, வேறெங்கும் பார்க்க முடியாதபடி, மணிக்கூண்டு நின்றது. முழு மணிக்கூண்டையும் அடி முதல் நுனி வரை ஒரே பார்வையில் அன்றுதான் பார்த்தான். இவ்வளவு மெல்லிசா! இவ்வளவு தனியாகவா நிற்கிறது! உச்சியில் மாடம் தெரிந்தது. அங்கே ஒரு பெண் நின்றிருக்கிறாள், அவளுக்குப் பிறகு ஒரு காவலர் நின்றிருக்கிறார். இவ்வளவு தூரத்திலிருந்து மனிதர் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி பக்கவாட்டில் வீசுகிறதா மேலும் கீழும் ஆட்டுகிறதா என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் எப்படிப் பார்த்திருக்க வேண்டும்!

அப்போதுதான் மாடத்துக்குக் கீழே, கடிகாரத்தின் வட்ட முகத்துக்குப் பக்கத்தில், வேறொரு புள்ளியைப் பார்த்தான். அது தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சினன்தான். தொங்குகிறபோது இடது காலைச் சுவரில் மடித்து ஊன்றிக்கொள்கிற பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. பல்லி மாடத்தைப் பார்த்தான். மாடத்தில் ஆள் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கைப்பிடிச் சுவர் வெறுமனே கிடந்தது. புள்ளி ஒரு கையைத் தூக்கியது, கயிற்றை ஆட்டியது. 'கயிறு விடு' என்கிறான். யாரிடம் சொல்கிறான்? பூட்டு இறுகியிருக்கும், விழமாட்டான், அது பல்லிக்குத் தெரியும். ஆனால் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. புள்ளி மறுபடி கையைத் தூக்கியது. பிறகு தூக்குவதை நிறுத்திவிட்டது. பல்லி "டேய்!" என்று ஜன்னல் வழியே கத்தினான். நடுவில் இத்தனை தண்ணீர் கிடக்கும்போது யாருக்குக் கேட்கும்? கம்பியைப் பிடித்துக்கொண்டான், கம்பி கிடுகிடுவென்று அதிர்ந்தது. கம்பி அதிரவில்லை, தன் கைதான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நகரவும் மனசு வரவில்லை. தான் பார்ப்பது அங்கே தொங்குகிறவனுக்குத் தெரியாது, பார்ப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் பார்வையை எடுத்தால் அவன் விழுந்துவிடுவான் என்பதுபோல் நின்றான். அடுத்த சுற்றுலாக் கூட்டம் வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் போயிற்று. வெகுநேரம் கழித்து மாடத்தில் ஓர் உருவம் சாவகாசமாக வந்து நின்றது. காதில் கை வைத்திருந்தது. புள்ளி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியதும்தான் பல்லி தரையில் உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்து பூசி மெழுகாமல் அப்படியே சொன்னான். சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவள் நிம்மதியாகவாவது இருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தாள்.

"நீங்க போங்கன்னு நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவன் தனியாத் தொங்கறதைப் பாத்துட்டு வந்துட்டீங்க. இனிமே நீங்க இங்க உக்காந்து கமா சொன்னாலும் இங்க இருக்கமாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றாள்.

சாயங்காலம் தம்பியை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவன் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே வந்து, மேசைமேல் கிடந்த தாள்களைப் புரட்டி, "என்ன மாமா, வாத்தியார் ஆயிட்டீங்களாமே" என்று கிண்டல் செய்தான். மாடத்தில் ஆள் இல்லாமல் போன கதையை அவனாக எடுக்கவில்லை. அக்கா எதிரில் எடுக்கமாட்டான்.

பல்லி கேட்டான், "மாப்ள, அன்னைக்கு சபை மண்டபத்துல நான் தலைகீழா நின்னேன்ல. நீ மேல என்னடா பண்ணின?"

"என்ன பண்றது? நின்னேன்."

"அவ்வளவுதானா?"

மச்சினன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "பூட்டு புடிச்சிக்கிச்சு, அது புடிக்கும்னு தெரியும். ஆனா கயித்தை விட்டு ஒரு விரலை எடுக்க முடியல மாமா. உங்களை மேல ஏத்தினப்புறமும் முடியல. மத்த ஆளுங்கதான் வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க. நீங்க அந்தப் பக்கம் சோறு தின்னுக்கிட்டு வௌவால் ஜோக் சொல்லிக்கிட்டு இருந்தீங்க." தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "உங்ககிட்ட சொல்லல. சொன்னா அக்காவுக்குப் போயிடும்" என்றான்.

அக்கா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்ச் சோறு போட்டாள்.

மணிக்கூண்டின் படிகள் இருட்டானவை, சுருளாக ஏறுபவை. எத்தனையோ தடவை கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே ஏறியவன் மறுநாள் காலை சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினான். பாதியில் உட்கார்ந்தான். வியர்வை காதோரம் வழிந்தது, பயம்தான், இனிமேல் அதற்கு வேறு பெயர் தேடிப் புண்ணியமில்லை. தலைவரும் இதே படியில்தான் ஏறியிருக்கிறார், தோளில் தூக்கி வந்த ஊரை வாசலில் நிறுத்திவிட்டு. மேலே என்ன செய்தி காத்திருக்கிறது என்று தெரிந்தே ஏறியிருக்கிறார். அவருக்கு முன்னால் அந்த அம்மா ஏறியிருக்கிறார், காய்ச்சலோடுகூட ஏறியிருக்கலாம், புத்தகத்தில் அது இல்லை. நடுப்பகுதி குழிந்து தேய்ந்திருந்த படியில் பல்லி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

மாடத்தில் காற்று ஆளைத் தள்ளியது. சூப்பர்வைசர் அவனைப் பார்த்ததும் புது ஆளைக் கூப்பிட்டுக் கீழே தண்ணீர்க் குழாயைப் பார்க்க அனுப்பினார். மச்சினன் ஏற்கெனவே விளிம்புக்கு அப்பால் இறங்கிவிட்டிருந்தான். கைப்பிடிச் சுவர் மறைத்ததால் மேலே யார் வந்தார் யார் போனார் என்று அவனுக்குத் தெரியாது. பல்லி எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் நிற்கமாட்டோம் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. சுவரோடு முதுகைச் சாய்த்து, காலை அகட்டி ஊன்றி, காப்புக் கயிற்றை இரண்டு கையாலும் எடுத்தான். பூட்டைச் சரிபார்த்தான், இன்னொரு தடவையும் சரிபார்த்தான். கை நடுங்கினாலும் பூட்டு நடுங்காது. அதை நம்பித்தான் வந்திருக்கிறான். ஆனால் கயிறு நடுங்கியது. அவன் விரல்களில் தொடங்கிய நடுக்கம் கயிற்றோடு ஓடி, விளிம்பைத் தாண்டி, கீழே போயிற்று. வெட்கத்தில் முகம் சுட்டது. சூப்பர்வைசர் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

கீழே பிரஷ் தேய்க்கிற சத்தம் நின்றது.

"மாமா?" என்று குரல் மட்டும் ஏறி வந்தது.

பல்லி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மாமா, நீங்கதானே? கயிறு சொல்லுது."

"நான்தான்டா" என்றான். "கை நிக்கமாட்டேங்குது மாப்ள. சரிப்படாதுன்னா சொல்லிடு, நான் இறங்கிடறேன்."

தண்ணீருக்கு அக்கரையில் கோட்டை வெயிலில் நின்றது, மேல்மாடியில் அந்த ஜன்னல் கறுப்பாக, கண் எடுக்க முடியாதபடி இவனுக்கு நேரே இருந்தது.

"அப்படியே நில்லுங்க" என்றது குரல். "ஆடுற வரைக்கும் நீங்க இருக்கீங்கன்னு தெரியும். ஒரு முழம் விடுங்க."

பல்லி விட்டான். கயிறு நடுங்கிக்கொண்டே விளிம்பைத் தாண்டி இறங்கியது.